ஒருவர் ஆட்டமா, இருவர் ஆட்டமா?

வீடியோ கேம் என்றதும் நம் வயதுக்காரர்கள் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆறிப்போன சோறுதான். பேரப்பிள்ளை அறைக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் "இந்தா வர்றேன்" என்பான். ரசம் ஆறி, அப்பளம் நமுத்துப் போகும். இப்படிப்பட்ட விளையாட்டுகளுக்கும் சினிமாவுக்குப் போல விமர்சனம் எழுதுகிறார்கள், மதிப்பெண் போடுகிறார்கள், ஆண்டுதோறும் மேடை போட்டுப் பரிசு கொடுக்கிறார்கள் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். ஆனால் உண்மை அதுதான். வெளிநாடுகளில் அதை முழுநேர வேலையாகச் செய்கிறவர்களே இருக்கிறார்கள்.

அந்த விமர்சனங்களில் இரண்டு விளையாட்டுகளைப் பற்றியவற்றை அண்மையில் உட்கார்ந்து படித்தேன். ஒன்று ஸ்வீடன் நாட்டில் செய்தது. இன்னொன்று கனடாவில் ஒரு தமிழர் செய்தது. முதல் விளையாட்டை எந்தக் குணத்துக்காக விமர்சகர்கள் கொண்டாடினார்களோ, அந்தக் குணம் இரண்டாவதிலும் இருக்கிறது. அதை அவர்கள் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். நம் வீடுகளில் வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் பெருகிவிட்ட காலம் இது. அதனால் இது நமக்கு வேண்டாத விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் மதிப்பெண் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். ஆனந்த விகடன் சினிமா விமர்சனத்தில் மதிப்பெண் போட்டது நமக்கெல்லாம் தெரியும். '16 வயதினிலே' 62.5 வாங்கியதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். விகடனில் 50-ஐத் தொட்டாலே தயாரிப்பாளருக்குச் சந்தோஷம். வீடியோ கேமுக்கும் அப்படி 100-க்கு இத்தனை என்று போடுகிறார்கள். பல பத்திரிகைகள் போட்டதைச் சேர்த்துச் சராசரி காட்டுவதற்கு மெட்டாகிரிட்டிக் என்று ஓர் இணையதளம் இருக்கிறது. அங்கே கை கொஞ்சம் தாராளம். 80 வாங்கினால் நல்ல விளையாட்டு. 90-ஐ நெருங்கினால் அந்த ஆண்டு முழுக்க அதைப் பற்றியே பேசுவார்கள்.

அப்படி 90-ஐ நெருங்கியது 'இட் டேக்ஸ் டூ'. 'இதற்கு இருவர் வேண்டும்' என்று சொல்லலாம். 2021 மார்ச் 26 அன்று வெளிவந்தது. ஸ்டாக்ஹோமில் உள்ள ஹேஸ்லைட் என்ற நிறுவனம் செய்தது. இயக்கியவர் ஜோசப் ஃபாரெஸ். லெபனானில் பிறந்து, அங்கே உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் சிறுவனாகக் குடும்பத்தோடு ஸ்வீடனுக்குப் போனவர். முதலில் சினிமா எடுத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் விளையாட்டுப் பக்கம் வந்தார்.

கதை இது. கோடி, மே என்று ஒரு கணவன் மனைவி. விவாகரத்து செய்வதாக முடிவெடுத்து, மகள் ரோஸிடம் சொல்கிறார்கள். அந்தக் குழந்தை அழுத கண்ணீர் பட்டு, அப்பாவும் அம்மாவும் அவள் செய்துவைத்த இரண்டு சின்னப் பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். விரல் உயரப் பொம்மைகள் தங்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே பெரிய காட்டைக் கடப்பதுபோல் கடந்து, மகளிடம் போய்ச் சேர வேண்டும்.

இந்த விளையாட்டைத் தனியாக ஆடவே முடியாது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோடி, ஒருவர் மே. உதாரணமாக, கருவிகள் வைக்கும் கொட்டகையில் நடக்கும் பகுதியில் கணவனிடம் ஆணி இருக்கும், மனைவியிடம் சுத்தியல் இருக்கும். அவன் சுவரில் ஆணியை எறிந்து பதித்தால்தான், அவள் சுத்தியலை அதில் மாட்டித் தொங்கி மறுபக்கம் போக முடியும். அவள் போய் வழி திறந்தால்தான் அவன் நகர முடியும். இன்னொரு பகுதியில் ஒருவர் மரப்பிசினைப் பீச்ச வேண்டும், மற்றவர் அதில் தீக்குச்சியைச் சுட்டுப் பற்றவைக்க வேண்டும். கடிகாரத்துக்குள் நடக்கும் பகுதியில் ஒருவருக்குக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் சக்தி, மற்றவருக்குத் தன்னைப்போல் இன்னொரு உருவை விட்டுவிட்டு வரும் சக்தி. இடம் மாற மாறக் கருவியும் மாறும். எந்த இடத்திலும் ஒருவரிடமே எல்லாம் இருக்காது.

நாம் ஆடிய ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் எல்லாமே ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்கும் ஆட்டங்கள். பாம்பு தின்ற சோகத்தில் பரமபதத்தைக் கலைத்துவிட்டு எழுந்து போனவர்கள் எத்தனை பேர்! ஆனால் பின்னல் கோலாட்டம் அப்படியில்லை. மேலே கட்டிய கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே வெளியே என்று மாறி மாறி வந்தால்தான் பின்னல் விழும். அதே கணக்கில் திரும்பி ஆடினால்தான் அவிழும். ஒரு பெண் அடி தப்பினால் மொத்தப் பின்னலும் சிக்கு. அங்கே ஜெயிப்பது தோற்பது கிடையாது, பின்னல் சரியாக விழ வேண்டும், அவ்வளவுதான். 'இட் டேக்ஸ் டூ' இந்தப் பின்னல் கோலாட்ட வகை.

விமர்சகர்கள் மெச்சியதும் இதைத்தான். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம் என்று சொல்கிற விளையாட்டுகள் முன்பே நிறைய உண்டு. அவற்றில் பலவற்றில் இரண்டாமவர் ஒட்டுத் திண்ணை மாதிரி. இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இங்கே இரண்டாமவர் இல்லாமல் ஓர் அடி நகராது. ஒருவர் விலை கொடுத்து வாங்கினால் போதும், கூட ஆடுபவர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று வைத்திருந்ததையும் பாராட்டினார்கள். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் நடந்த 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசு இதற்கே கிடைத்தது. பெரிய பெரிய நிறுவனங்களின் பிரம்மாண்டமான விளையாட்டுகள் வரிசையில் நின்றபோது, கணவனும் மனைவியும் ஆணியும் சுத்தியலுமாகப் போன இந்த விளையாட்டு பரிசைத் தட்டிக்கொண்டு போனது.

குறை சொல்லாமலும் இல்லை. ஆட்டம் பிரமாதம், கதை அந்த அளவுக்கு இல்லை என்று பலர் எழுதினார்கள். வழிநெடுக வந்து புத்தி சொல்லும் பேசும் புத்தகம் ஒன்று பலருக்கு எரிச்சலைக் கொடுத்தது. எல்லாரும் குறிப்பிட்ட ஓர் இடம், யானைப் பொம்மை வரும் இடம். மகளை மறுபடி அழவைத்தால் தங்களுக்குப் பழைய உருவம் கிடைத்துவிடும் என்று நினைத்து, அவளுக்கு உயிருக்குயிரான யானைப் பொம்மையை அழிக்கப் போகிறார்கள் பெற்றோர். அது கெஞ்சுகிறது. ஆடுகிற இரண்டு பேரும் தங்கள் கையாலேயே பொத்தானை அமுக்கி அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆடி முடித்த பிறகும் அந்த இடம் மனத்தில் உறுத்துகிறது என்று எழுதியவர்கள் உண்டு. பெற்றோர் தங்கள் காரியத்துக்காகக் குழந்தையின் மனசை மிதிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று நான் நினைக்கிறேன். அதைச் செய்துவிட்டுக் கதை அதன்மேல் நிற்காமல் நகர்ந்துபோவதுதான் குறை. விமர்சகர்கள் சொன்னது நியாயம்.

இனி தமிழர் செய்ததற்கு வருகிறேன். அதன் பெயர் 'வெண்பா'. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. முன்னின்று செய்தவர் அபி. 2023 ஜூலை 31 அன்று வெளியானது. கணினியிலும், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிகளிலும் ஆடலாம்.

வெண்பா என்பது கதைநாயகியின் பெயர். கணவர் பெயர் பாவலன். 1988-ல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போய்க் குடியேறிய தம்பதி. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காத திண்டாட்டம். ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற யோசனை. அந்த நேரத்தில் வெண்பா உண்டாகியிருப்பது தெரிகிறது. பிறக்கிற பையனுக்குக் கவின் என்று பெயர் வைக்கிறார்கள். அவன் வளர வளரத் தமிழை விட்டும் வீட்டுச் சாப்பாட்டை விட்டும் விலகிப் போகிறான். ஒரு கட்டத்தில், மகன் வருகிறான் என்று அம்மா விதவிதமாக ஆக்கி வைத்துக் காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. பொம்மைப் படம்தான் என்றாலும் அந்த இடத்தைப் பார்க்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. நம் தெருக்களில் எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது!

ஆட்டம் என்பது சமையல்தான். வெண்பாவுக்குத் தன் அம்மா கொடுத்த ஒரு பழைய சமையல் நோட்டு இருக்கிறது. அது கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது. அழிந்துபோன இடத்தை ஆடுகிறவர் ஊகித்து, சரியான வரிசையில் சமைத்து முடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும், புட்டுக் குழாயில் எதை முதலில் போட வேண்டும் என்பதுபோன்ற கேள்விகள். தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம். பின்னணியில் வானொலிப் பாட்டு. அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாக இசையமைத்த பாட்டுகள். பிற்பகுதியில் பெரியவனாகிவிட்ட கவின் அந்த நோட்டை வைத்துக்கொண்டு தானே சமைக்கப் பார்க்கிறான். தமிழ் எழுத்தைப் படிக்கத் தடுமாறுகிறான்.

இதற்கும் நல்ல பெயர் கிடைத்தது. மெட்டாகிரிட்டிக்கில் 80-ஐ ஒட்டிய மதிப்பெண். 2024-ல் இரண்டு பெரிய பரிசுகள். ஒன்று, சுயேச்சையாக விளையாட்டு செய்கிறவர்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் தலைப்பரிசு. இளம் வயதிலேயே மறைந்துபோன சியூமஸ் மெக்நாலி என்ற வடிவமைப்பாளரின் நினைவாகக் கொடுப்பது அது. இன்னொன்று, இங்கிலாந்தின் பாஃப்டா கொடுத்த சிறந்த அறிமுகப் படைப்புக்கான பரிசு. சினிமாவுக்குப் பரிசு கொடுக்கும் அதே பாஃப்டாதான். இட்லியும் புட்டும் அந்த மேடை ஏறியது நமக்குப் பெருமை இல்லையா?

ஆனால் குறை சொன்னவர்கள் பெரும்பாலும் மூன்றைச் சொன்னார்கள். ஒன்று, ரொம்பச் சின்ன விளையாட்டு. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டு, சமையல் புதிர்கள் சுலபம். மூன்று, கதை பல வருஷங்களைத் தாவித் தாவிப் போகிறது.

மூன்றாவது குறையை ஒத்துக்கொள்கிறேன். கவின் ஏன் அப்படி விலகினான் என்பதைக் காட்ட இன்னும் இரண்டு சமையல் வேண்டியிருந்தது. பாவலனையும் இன்னும் கொஞ்சம் பழகவிட்டிருக்கலாம். அவர் இல்லாமல் போவது ஆடுகிறவருக்கு இன்னும் கனமாக இறங்கியிருக்கும்.

முதல் குறை, மணிக்கணக்கு பார்ப்பது. 'இட் டேக்ஸ் டூ' 40 டாலர், பன்னிரண்டு பதினான்கு மணி நேரம் ஆடலாம். 'வெண்பா' 15 டாலர், ஒன்றரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் முன்னது மணிக்கு மூன்று டாலர், பின்னது பத்து டாலர். இந்த வகுத்தல் கணக்கு துணிக்கடையில் கஜக்கணக்குக்குச் சரி. கதை சொல்கிற ஒன்றுக்கு இதைப் போட்டால், இருநூறு எபிசோடு தொடர் நாடகம்தான் உலகத்திலேயே உயர்ந்த கலை என்று முடியும். அதுவும் இந்த விளையாட்டின் பெயரைப் பாருங்கள். வெண்பாவிலே குறள் வெண்பாவுக்கு இரண்டே அடி. வள்ளுவர் நீளம் போதவில்லை என்று யாராவது மதிப்பெண் குறைத்தார்களா?

இரண்டாவது குறைதான் எனக்கு முக்கியம். புதிர்கள் சுலபம் என்கிறார்கள். யாருக்குச் சுலபம்? இட்லி அவித்தவர்களுக்கு அது புதிரே கிடையாது. அவிக்காதவர் நான்கு விதமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, ஒன்று சரியாக வந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவார். தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து, முடித்துவிட்டு நாளைக்குள் விமர்சனம் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒருவருக்கு அது அப்படித்தான் தோன்றும். அவரை நான் குறை சொல்லவில்லை. அட்டையில் 'ஒருவர் ஆடுவது' என்றுதான் போட்டிருக்கிறது, அவரும் ஒருவராகவே ஆடினார்.

ஆனால் ஒரு தமிழ் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று நான் பார்த்தேன். வெளிநாட்டில் வளர்கிற என் மகன் வயிற்றுப் பேரன் விடுமுறைக்கு வந்தபோது மடிக்கணினியில் இதை ஆடினான். அவனுக்குத் தமிழ் காதில் கேட்டால் புரியும், வாயில் அவ்வளவாக வராது. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புட்டுப் பகுதி வந்தது. அவன் குழாயில் மாவைக் கொட்டப் போனான்.

"சில்ல மொதல்ல போடுப்பா. இல்லாட்டி மாவு பூராம் தண்ணிக்குள்ள போயிரும்."

"சில்லுன்னா என்ன அப்பத்தா?"

அவள் எழுந்து போனாள். எங்கள் வீட்டில் புட்டுக் குழாய் கிடையாது. இந்தப் பக்கம் துணியில் கட்டி அவிப்பதுதான் பழக்கம். ஓட்டை போட்ட ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டி, ஆவி எப்படி வரும், மாவு ஏன் விழாது என்று விளக்கினாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திரையில் சில்லைச் சரியான இடத்தில் வைத்தான். பிறகு "மாவு ஈரம் எவ்வளவு வேணும்?" என்று கேட்டான். விளையாட்டில் அந்தக் கேள்வியே இல்லை. அவள் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும் என்று கையால் காட்டினாள். ஒன்றரை மணி நேர விளையாட்டு எங்கள் வீட்டில் இரண்டு நாள் ஓடியது.

அப்போதுதான் ஆணியும் சுத்தியலும் நினைவுக்கு வந்தன. பேரன் கையில் பொத்தான் இருக்கிறது, அப்பத்தா தலையில் பக்குவம் இருக்கிறது. அவளுக்குப் பொத்தானை அமுக்கத் தெரியாது. அவனுக்குச் சில்லு தெரியாது. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு முழுசாக ஓடாது. 'இட் டேக்ஸ் டூ' விளையாட்டைப் புகழ்ந்தபோது விமர்சகர்கள் எதைச் சொன்னார்களோ, அதேதான் இது. அட்டையில் போடவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'இட் டேக்ஸ் டூ' விளையாட்டில் இருவருக்கும் ஒரே அளவு கை வேகம் வேண்டும். குதிக்க வேண்டிய நொடியில் குதிக்க வேண்டும். சம வயதுத் தோழர்களுக்கும் இளம் தம்பதிகளுக்கும் அது சரி. எழுபது வயதுக்காரர் கையில் அந்தக் கருவியைக் கொடுத்தால், பேரன் பத்து நிமிஷத்தில் பொறுமை இழந்துவிடுவான். 'வெண்பா'வில் அவசரம் கிடையாது. வேகம் இல்லாதவர் வாயால் ஆடலாம். சமமில்லாத இரண்டு பேர் சேர்ந்து ஆட இடம் கொடுப்பது பெரிய விஷயம். தாத்தா பாட்டியும் பேரன் பேத்தியும் எதில்தான் சமம்?

இதில் நம் ஊர்ப்பக்கத்துக்கு என்று ஒரு தனி நியாயமும் உண்டு. சாக்கோட்டையைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுக்கு வெளிநாடு புதிதல்ல. நகரத்தார் வீடுகளில் 'கொண்டுவிக்கப் போவது' என்று சொல்லி பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை என்று கப்பல் ஏறினார்கள். ஒரு கணக்கு என்றால் மூன்று வருஷம். ஆண்கள் போனார்கள். பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். அதனால் பேச்சும் பக்குவமும் வீட்டை விட்டுப் போகவில்லை. வெளியூரிலிருந்து வந்தது நம் அடுப்படிக்குள் சேர்ந்தது. பர்மாத் தொடர்பில் வந்த கவுனி அரிசி இன்று நம் கல்யாணப் பந்தியில் இருக்கிறதே!

இப்போது கதை தலைகீழ். குடும்பத்தோடு போகிறார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறக்கிறார்கள். பக்குவம் தெரிந்தவர் மட்டும் பெரிய வீட்டில் தனியாக இங்கே இருக்கிறார். வெண்பா அம்மாவுக்காவது கிழிந்த நோட்டு ஒன்று இருந்தது. நம் வீடுகளில் பல பலகாரங்களுக்கு நோட்டே கிடையாது. வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டுப் பாருங்கள். ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே கோபுரமாக உளுந்தைக் குவித்துக்கொள் என்பார்கள். எத்தனை கிராம் என்றால் தெரியாது. கோபுரம் என்றால் எவ்வளவு உயரம் என்பது அளந்த கையோடு போய்விடும். வெளிநாட்டுப் பேத்திக்கு உழக்கும் தெரியாது, தலைதட்டுவதும் தெரியாது. வீடியோ காலில் "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் பேச்சு ஓடாமல் நிற்கிறதென்று எத்தனை பேர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள். பாசம் இல்லாமலா? பேசுவதற்கு இருவருக்கும் பொதுவாக ஒரு பொருள் இல்லை. இந்த விளையாட்டு அப்படி ஒரு பொருளைக் கொண்டுவந்து நடுவில் வைக்கிறது.

எதிர்ப்பேச்சு வரும், தெரியும். "பேரனை விளையாட்டை விட்டு எழுப்பவே பாடாய்ப் படுகிறோம், நீர் பக்கத்தில் போய் உட்காரச் சொல்கிறீரே" என்பார்கள். எல்லா விளையாட்டையும் ஒரே கூடையில் போடக்கூடாது என்பதுதான் என் பதில். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் குடும்பங்களை அழித்ததை நாம் செய்தித்தாளில் படித்தோம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டமும் கொண்டுவந்தது. அது வேறு, இது வேறு. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கி, ஒரு புத்தகம்போல முடித்துவிட்டு மூடிவைக்கிற சாமான் இது. விமர்சகர்கள் குறையாகச் சொன்ன சின்ன அளவு, பெற்றோருக்கு நிறையாகவே படும். ராத்திரி முழுக்க உட்கார வைக்க இதில் ஒன்றும் இல்லை.

"என்னதான் சொன்னாலும் இதெல்லாம் கலையா?" என்று இன்னொரு கேள்வி. காரைக்குடிப் பக்கம் ஏவி.எம். ஸ்டூடியோ நடந்த காலத்தில், 'நாம் இருவர்' அங்கே உருவான காலத்தில், சினிமா பார்க்கப் போகிற பிள்ளையைத் திட்டாத வீடு ஏது? அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் பிறகு விகடன் மதிப்பெண்ணைப் பற்றித் திண்ணையில் வாதாடினார்கள். ஒரு புதிய வடிவம் கலையாக ஆவதற்கு, அதைப் பார்த்து ரசித்துத் தர்க்கம் பண்ணுகிறவர்களும் வேண்டும்.

அங்கேதான் எனக்கு ஒரு குறை. 'வெண்பா'வைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதியவை. அவர்கள் அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தாயையும் மகனையும் கண்டு கலங்கியிருக்கிறார்கள். ஆனால் சில்லை மறந்தால் மாவு தண்ணீருக்குள் போகும் என்று அனுபவித்துத் தெரிந்த ஒருவர் எழுதியிருந்தால் அந்த விமர்சனம் வேறு மாதிரி இருந்திருக்கும். குழாய்ப் புட்டுக்கும் துணிப் புட்டுக்கும் சண்டையே வந்திருக்கும். இது ரொம்பச் சுலபம் என்று சொல்லாமல், இதில் ஈரப்பதம் விட்டுப்போயிற்று என்று சொல்லியிருப்பார். அடுத்த விளையாட்டை செய்யப் போகிற பிள்ளைகளுக்கு அந்தக் குறைதான் பயன்படும். தமிழ்ப் பத்திரிகைகள் வாரம் ஒரு படத்துக்கு இடம் ஒதுக்குகின்றன. தமிழில் பெயர் வைத்து, தமிழர் கதையைச் சொல்லி, உலகப் பரிசு வாங்கிய ஒரு விளையாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

பத்திரிகை செய்கிறபோது செய்யட்டும். நாம் செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது, அவர்களிடமே சொல்லி இதை வாங்கி ஏற்றச் சொல்லுங்கள். அவர்கள் ஆடட்டும், நீங்கள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் வாயைத் திறக்க வேண்டாம். பிள்ளை ஓரிடத்தில் தடுக்கி நின்று உங்கள் பக்கம் திரும்பும். அப்போது சொல்லுங்கள். விளையாட்டு முடிந்த பிறகு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து, வெள்ளைப் பணியாரத்துக்கு உளுந்துக் கோபுரம் எத்தனை கிராம் என்று இருவருமாக நிறுத்துப் பார்த்து எழுதிவையுங்கள். எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும். தமிழ் எழுத்து கோணல் மாணலாக வந்தாலும் பரவாயில்லை.